மூஸ் மான் சிற்பம்: கொம்பை வெட்டிய பிறகு

பனியில் ஓநாயை எதிர்க்கும் மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) சிற்பம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். முதல் வாரம் செய்த மூஸ் மானின் கொம்பை வெட்டி எடுத்துவிட்டேன். அகலமான கொம்பைத் தாழ்த்தி ஓநாய்மேல் பாய்வதுபோல் செய்திருந்தேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் நான் காட்ட நினைத்தது நடுக்குளிர்காலப் பனி. ஆண் மூஸ் அதற்குள் பெரும்பாலும் கொம்பை உதிர்த்திருக்கும். பெண்ணுக்குக் கொம்பே கிடையாது. கொம்பு இருப்பது முக்கியமாக இலையுதிர்காலத்தில் துணைக்காக ஆண்கள் மோதிக்கொள்ள. அப்படியானால் பனிக்காலத்தில் கையில் ஆயுதம் இல்லையா என்று தேடிப் பார்த்தால், ஆயுதம் காலில் இருக்கிறது.

அளவு 20க்கு 1. தோள் உயரம் 2 மீட்டர் என்றால் மாதிரியில் 10 செ.மீ., ஓநாய் 4 செ.மீ. கம்பியை வளைத்து நிறுத்தியதும் எனக்கே சந்தேகம், கால் கூடிவிட்டதோ என்று. இல்லை, இந்த மானே பாதி கால்தான். சமையல் சோடாவையும் பசையையும் குழைத்து 3 செ.மீ. பனி போட்டேன், நிஜத்தில் 60 செ.மீ. மானின் வயிற்றைப் பனி தொடவில்லை. ஓநாய் நெஞ்சுவரை புதைந்துவிட்டது. ஆழமான பனியில் மூஸ் ஏன் தைரியமாக நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மேல்பனி இறுகி ஓடு கட்டினால் மட்டும் கணக்கு தலைகீழ்: ஓநாய் மேலே ஓடும், மானின் குளம்பு உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

சரி, எந்த நிலையில் நிறுத்துவது? வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் 1958 முதல் ஓநாய்களையும் மூஸ்களையும் ஆராய்ந்து வருகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் விமானத்திலிருந்து கவனித்ததில், ஓநாய்கள் நெருங்கிச் சோதித்த 77 மூஸ்களில் 6தான் இரையாயின. நின்று முறைக்கும் மூஸை ஓநாய்கள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு விட்டுவிடும். ஓடினால்தான் வினை, பின்தொடை அகப்பட்டுவிடும். அதனால் பாய்ச்சலைக் கைவிட்டு, மானின் பின்பக்கத்தை ஓர் ஊசியிலை மரத்தோடு ஒட்டி நிறுத்தினேன். உண்மையிலேயே அப்படி நின்று பின்பக்கத்தைக் காத்துக்கொள்ளும். மரம் பாட்டில் கழுவும் பிரஷ்தான், பச்சை அடித்தது.

தூக்கிய முன்கால் இரண்டு முறை ஒடிந்தது. ஒற்றைக் கம்பி தாங்கவில்லை. இரட்டையாக முறுக்கியபின் நின்றது. நிஜ மூஸ் முன்காலை நேராகவும் பக்கவாட்டிலும் வீசும், பின்னாலும் உதைக்கும். மூஸை வேட்டையாடும் ஓநாய்களின் விலா எலும்புகளில் முறிந்து கூடிய தடங்கள் கிடைப்பது சும்மா இல்லை.

காதுதான் என்னை ஏமாற்றியது. நிமிர்த்தி வைத்தேன், மான் ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. பின்னால் மடக்கி, பிடரி மயிரை ஊசியால் கீறிச் சிலிர்க்க வைத்ததும் முகமே மாறியது. கோபம் வந்த மூஸ் காட்டும் அடையாளங்கள் இவை.

அடுத்தது குட்டி. தாயோடு முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் குட்டிதான் ஓநாய்களின் முக்கிய இலக்கு. ஓடும்போது தாய் குட்டியின் பின்னாலேயே வரும், கடி விழுவது அங்கேதான் என்பதால். நின்றிருக்கும் என் மானுக்கு எங்கே வைப்பது? தாய்க்கும் மரத்துக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தேன், இடம் போதவில்லை. மரத்தை ஒன்றரை செ.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒட்டிய பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.