மிஸ்டேக்கன் பாயிண்ட்: உடல்கள் உறைந்த கடலடி

கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவின் தென்கிழக்கு முனையில் இருக்கிறது மிஸ்டேக்கன் பாயிண்ட். 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். புதைபடிவப் பாறைக்கு வழிகாட்டியோடுதான் போகலாம். மரமே இல்லாத வெளியில், காற்றில், நல்ல நடை. பாறையில் ஏறுமுன் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், பாறை தேயக்கூடாதே!

காலடியில் கிடப்பது சுமார் 56.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடித் தரை. சாய்வெயில் பட்டதும் சாம்பல் நிறக் கல்லில் உருவங்கள் துலங்கின. இரு முனையும் கூம்பிய ஓர் உருவம். அதில் கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள்ளும் கிளை. வாய் இல்லை, குடல் இல்லை. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழ்ந்ததால் தாவரமாகவும் இருக்க முடியாது. எரிமலைச் சாம்பல் மூடி இவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. 1967இல் இவற்றைக் கண்டெடுத்தவர் இந்தியாவிலிருந்து படிக்கப்போன மாணவர் சிவ பாலக் மிஸ்ரா. ஃபிராக்டோஃபியூசஸ் மிஸ்ராய் என்று ஓர் இனம் அவர் பெயரைத் தாங்கி நிற்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி, இவற்றுக்கும் முந்தையது. தனித்தனியே நீந்திய செல்கள் எப்படி ஓர் உடலாகச் சேர்ந்தன?

விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒருசெல் உறவினர் கோயனோஃபிளாஜெல்லேட். ஒரு சாட்டையிழை, அதைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டை. சாட்டை அசைந்தால் நீர் ஓடும், பாக்டீரியா பட்டையில் சிக்கும். கடற்பஞ்சின் உடலுக்குள்ளும் ஏறக்குறைய இதே செல்தான் நீரை இழுக்கிறது. 2008இல் இந்தக் குழுவில் ஓர் இனத்தின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நம் செல்களைப் பிணைக்கும் கேடெரின் குடும்பப் புரதங்கள் அதிலும் இருந்தன. இன்னோர் இனத்தில், குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா அருகில் இருந்தால், பிளந்த செல்கள் பிரிந்து போகாமல் ஒட்டிக் கூட்டமாகிவிடுகின்றன.

ஆக, ஒட்டிக்கொள்வது பெரிய காரியம் இல்லை என்றே நினைக்கிறேன். ஒட்டிய பிறகு எந்தச் செல் சந்ததி தருவது, எது வாரிசே இல்லாமல் உடலுக்கு உழைத்து மடிவது? அந்த ஏற்பாடுதான் கடினம். புற்றுநோயில் குலைவதும் அதுவே.

இந்தப் பாறை உயிர்கள் எல்லாமே விலங்குகள்தானா என்ற விவாதம் ஓயவில்லை. போகிறவர்கள் இரு முனையும் கூம்பிய அந்த ஃபிராக்டோஃபியூசஸைக் குனிந்து பாருங்கள். பெரியதைச் சுற்றி நடுத்தரம், அதைச் சுற்றிப் பொடிசுகள். தாயிலிருந்து ஓடுதண்டு விட்டுக் குட்டிகள் முளைத்திருக்க வேண்டும் என்று 2015இல் வந்த ஆய்வு இந்த அமைப்பை வைத்தே சொன்னது.