குழந்தை வாய் திறக்கும்போது

பாலியல் கொடுமையைப் பற்றிக் குழந்தை முதலில் சொல்வது பெரும்பாலும் அரை வாக்கியம்தான். பதறிப்போய் “மாமா உன்னைத் தொட்டாரா?” என்று கேட்டுவிடுகிறோம். ஆளையும் செயலையும் நாமே எடுத்துக்கொடுத்தாயிற்று. குறுக்கு விசாரணையில் “சொல்லிக்கொடுத்த வாக்குமூலம்” என்று இதைத்தான் பிடிப்பார்கள். “என்ன நடந்துச்சு, சொல்லும்மா”, “அப்புறம்?” இவ்வளவு போதும். மௌனம் நீண்டாலும் காத்திருங்கள்.

நீங்கள் எழுதிவைக்கும் குறிப்பில் குழந்தையின் சொல் அப்படியே இருக்கட்டும். “அங்க கிள்ளுனாரு” என்றால் அதையே எழுதுங்கள். “பாலியல் சீண்டல்” என்று மாற்றினால் அது உங்கள் சொல். நீங்கள் கேட்ட கேள்வி, தேதி, நேரம், உடனிருந்தவர் எல்லாம் வேண்டும். முழு விவரத்தையும் துருவ வேண்டாம். காவல்துறையும் நீதித்துறை நடுவரும் மறுபடி கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை அதே வலியைத்தான் படும்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை. அதைவிட, வாக்கு தவறியது தெரிந்தால் குழந்தை அடுத்த முறை பேசாது. “உன்னைப் பாதுகாக்க யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்” என்பதே நேர்மையான பதில்.

காவல்துறை வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்கலாம். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் காவல் நிலையத்தில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது. மூன்றையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். பெயரோ பள்ளியோ படமோ வாட்ஸ்அப்பில் போகவே கூடாது, அலுவலகக் குழுவாக இருந்தாலும்.