யார் யாருக்கு என்ன முறை: இளவரசி ஆலிஸின் குடும்பத்தைத் தேர்வுக்குப் படித்த அனுபவம்

முதுகலை வரலாற்றுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நவீன ஐரோப்பிய வரலாறு எனக்கு ஒரு தாளாக இருந்தது. ரஷ்யப் புரட்சிக்கு முந்தைய அரச குடும்பம் பற்றிய ஒரு கேள்விக்கு நான் எழுதிய விடையில் மூன்று பிழைகளைச் செய்திருந்தேன். ரஷ்யப் பேரரசரான ஜாரின் மனைவி அலெக்சாண்ட்ராவை விக்டோரியா மகாராணியின் மகள் என்று எழுதினேன். அலெக்சாண்ட்ராவின் தாய் ஆலிஸையும், இரண்டாம் எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப்பின் தாய் ஆலிஸையும் ஒரே பெண்ணாக்கினேன். உறவுக்குள் மணம் செய்ததால்தான் ஜாரின் மகனுக்கு இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் வந்தது என்று தீர்ப்பும் வழங்கினேன். அகமதிப்பீட்டுத் தேர்வு என்பதால் விடைத்தாள் கைக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "யார் யாருக்கு என்ன முறை?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் என் படிப்பு முறையின் குறை புரிந்தது. நான் அரச குடும்பங்களை மன்னர்களின் பட்டியலாகப் படித்திருந்தேன். அதை விட்டுவிட்டு, பட்டியலில் இடம்பெறாத ஒரு பெண்ணை நடுவில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். விக்டோரியாவின் மூன்றாவது குழந்தையும் இரண்டாவது மகளுமான இளவரசி ஆலிஸ்தான் அவர். 35 ஆண்டுகளே வாழ்ந்த அவரைச் சுற்றி ஜெர்மனி ஒருங்கிணைப்பு, ரஷ்யப் புரட்சி, முதல் உலகப் போர், இந்திய விடுதலை ஆகிய நான்கும் வந்து நிற்பதைப் பார்த்தபோது உண்மையில் எனக்கு வியப்பாகவே இருந்தது.

ஆலிஸ் 1843 ஏப்ரல் 25 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் பிறந்தார். 1861 டிசம்பர் 14 அன்று தந்தை ஆல்பர்ட் விண்ட்சரில் இறந்தபோது, கடைசி நாட்களில் அருகிலிருந்து பணிவிடை செய்தவர் இந்தப் பதினெட்டு வயது மகள். துக்கம் கலையாத வீட்டில், 1862 ஜூலை 1 அன்று, ஆஸ்போர்ன் மாளிகையின் உணவு அறையில் அவருக்கும் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் சிற்றரசின் இளவரசர் லுட்விக்குக்கும் திருமணம் நடந்தது. பிறகு அவர் வாழ்ந்தது ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில். தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஊர்ப்பெயரை வரைபடத்தில் ஒருமுறை குறித்துப் பார்த்துவிட வேண்டும். ஹெஸ்ஸே எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 1866இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போரைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தப் போர்தான் எனக்குப் பெரிய திறப்பாக அமைந்தது. பாடநூலில் அது பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க், தீர்மானமான போர் நடந்த சடோவா, அதன்பின் உருவான வட ஜெர்மன் கூட்டமைப்பு என்று மூன்று பெயர்களில் முடிந்துவிடும். ஆலிஸின் வீட்டிலிருந்து பார்த்தால் அதே போர் இரண்டு சகலைகளுக்கு இடையே நடந்தது. அக்கா விக்கியின் கணவர் பிரெடெரிக் பிரஷ்யாவின் பட்டத்து இளவரசர். சடோவாவில் பிரஷ்யப் படைகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். தங்கை ஆலிஸின் கணவரோ ஆஸ்திரியாவின் பக்கம் நின்ற ஹெஸ்ஸேயின் படையில் இருந்தார். சடோவா போர் ஜூலை 3 அன்று நடந்தது. ஜூலை 11 அன்று ஆலிஸுக்கு மூன்றாவது மகள் பிறந்தாள். அமைதி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அவளுக்கு ஐரீன் என்று பெயரிட்டார்கள். டார்ம்ஸ்டாட்டுக்குள் பிரஷ்யப் படை நுழைந்தது. நான்கே ஆண்டுகளில், 1870இல், அதே சகலைகள் இருவரும் பிரான்சுக்கு எதிராக ஒரே பக்கம் நின்றார்கள். ஜெர்மனி எப்படி ஒன்றானது என்பதை எந்த விளக்கத்தையும்விட இந்த ஒரு குடும்பச் செய்தி எனக்குத் தெளிவாக உணர்த்தியது. காயமுற்ற வீரர்களைக் கண்ட ஆலிஸ், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலுடன் கடிதத் தொடர்பு வைத்து, 1867இல் செவிலியர் பயிற்சிக்கான மகளிர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த மருத்துவமனை டார்ம்ஸ்டாட்டில் இன்றும் இயங்குகிறது.

அவருக்கு ஏழு குழந்தைகள். விக்டோரியா, எலிசபெத், ஐரீன், எர்ன்ஸ்ட், ஃபிரிட்டி, அலிக்ஸ், மே என்று வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஹீமோஃபிலியா இருந்த ஃபிரிட்டி 1873 மே மாதம் சன்னலிலிருந்து விழுந்து, உள்ளே ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தான். வயது மூன்றுகூட நிரம்பவில்லை. 1878 நவம்பரில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் வீட்டுக்குள் புகுந்தது. எலிசபெத்தைத் தவிரக் குழந்தைகள் அனைவரும், கணவரும் படுத்தார்கள். நவம்பர் 16 அன்று கடைக்குட்டி மே இறந்தாள். எல்லோரையும் கவனித்துவந்த ஆலிஸுக்கும் நோய் தொற்றி, டிசம்பர் 14 அன்று உயிர் பிரிந்தது. தந்தை இறந்த அதே நாள், சரியாகப் பதினேழு ஆண்டுகள் கழித்து. நாட்களை மனப்பாடம் செய்வதில் நான் மிகவும் பின்தங்கியவன். ஆனாலும் இந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

இனி ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆங்கில நூல்கள் எல்லோரையும் 'கசின்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. நான் குறிப்பேட்டில் அந்தச் சொல்லையே தடைசெய்துவிட்டு, ஒவ்வொருவரையும் தமிழ் உறவுமுறையில் எழுதினேன். ஆலிஸின் மகள் அலிக்ஸ்தான் ரஷ்யா சென்று அலெக்சாண்ட்ரா ஆனவர். அவருக்கு ஜெர்மனியின் கைசர், அதாவது பேரரசர், இரண்டாம் வில்லியம் பெரியம்மா மகன். இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் தாய்மாமன் மகன். அவர் மணந்த இரண்டாம் நிக்கோலஸும் ஐந்தாம் ஜார்ஜும் டென்மார்க்கைச் சேர்ந்த சகோதரிகள் இருவரின் மகன்கள். அக்காவின் மகன் ஜார்ஜ், தங்கையின் மகன் நிக்கோலஸ். 1914இல் போரின் மூன்று முனைகளில் இருந்தவர்கள் இப்போது மூன்று தனித்தனிக் கோடுகளில் தெளிவாகத் தெரிந்தார்கள்.

இப்படி எழுதும்போது சில வேடிக்கைகளும் வெளிப்பட்டன. விக்டோரியா மகாராணி தம் பேத்தி அலிக்ஸுக்குத் தாய்மாமன் மகனான ஆல்பர்ட் விக்டரை மணமுடிக்க விரும்பினார். நம் கணக்கில் அது முறையான சம்பந்தம், ஆனால் பெண் மறுத்துவிட்டார். எர்ன்ஸ்ட் மணந்தது தாய்மாமன் மகளை. அந்த முறைப்பெண்ணுடனான மணம் 1901இல் மணவிலக்கில் முடிந்தது. ஐரீனோ கைசரின் தம்பியை, அதாவது பெரியம்மா மகனை மணந்தார். நம் ஊரில் அவரை அண்ணன் என்றுதான் அழைத்திருப்பார்கள். எலிசபெத்தின் கணவர் செர்கே, நிக்கோலஸின் சித்தப்பா. எனவே அக்காவும் தங்கையும் சித்தப்பாவையும் அவருடைய அண்ணன் மகனையும் மணந்தவர்கள் ஆகிறார்கள். இந்த இடத்தில் நான் இரண்டு முறை தாளைக் கிழித்துப்போட்டு மீண்டும் வரைந்தேன்.

என் மூன்றாவது பிழையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல மாணவர்கள் அதையே எழுதுகிறார்கள். ஹீமோஃபிலியாவுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், தந்தை உறவினரா அந்நியரா என்பது மகனின் நோயை முடிவுசெய்வதில்லை. மரபணுவைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. விக்டோரியாவிடமிருந்து ஆலிஸுக்கும், ஆலிஸிடமிருந்து மகன் ஃபிரிட்டிக்கும், மகள்கள் ஐரீன், அலிக்ஸ் ஆகியோருக்கும் அது சென்றது. ஐரீனின் மூன்று மகன்களில் இருவருக்கும், அலிக்ஸின் ஒரே மகன் அலெக்சிக்கும் நோய் இருந்தது. அலெக்சியின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, அது ஹீமோஃபிலியாவின் பி வகை என்று 2009இல் உறுதிசெய்தார்கள். நிக்கோலஸ் முற்றிலும் அந்நியராக இருந்திருந்தாலும் அலெக்சியின் நோய்க்கான வாய்ப்பு மாறியிருக்காது.

ரஷ்யத் தேதிகளில் இன்னொரு கண்ணி உண்டு. புரட்சி வரை அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டி இருந்ததால் 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாட்களையும் 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாட்களையும் கூட்ட வேண்டும். அலெக்சியின் பிறந்த நாள் ஒரு நூலில் 1904 ஜூலை 30 என்றும் மற்றொன்றில் ஆகஸ்ட் 12 என்றும் இருந்தால் இரண்டும் சரியே.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் விடைத்தாளில் கொட்டுவது அடுத்த பிழை. அதையும் நான் செய்தேன். ரஷ்யப் புரட்சி பற்றிய விடையில் நிலப் பசி, போர்த் தோல்வி, தலைநகர் பெத்ரோகிராடின் ரொட்டித் தட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பிறகுதான் அலெக்சியின் நோயும், அதைத் தணிப்பவராக அலெக்சாண்ட்ரா நம்பிய சாமியார் ரஸ்புடினும் வர வேண்டும், அதுவும் ஒரு பத்திக்குள். உலகப் போர் பற்றிய விடையில், வில்லியமும் நிக்கோலஸும் செல்லப்பெயர்களில் கையெழுத்திட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டும் போர் நிற்கவில்லை என்ற ஒரு வரி போதும். உறவின் எல்லையை அதுவே காட்டிவிடும்.

ஆண்டு இறுதி வாய்மொழித் தேர்வில் இந்திய விடுதலை பற்றிப் பேசிக்கொண்டிருந்த தேர்வாளர், திடீரென்று மவுண்ட்பேட்டனுக்கும் கொல்லப்பட்ட ஜார் குடும்பத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டார். ஆலிஸின் மூத்த மகள் விக்டோரியா, பேட்டன்பர்க் லூயியை மணந்ததும், 1917இல் அந்த ஜெர்மன் பெயர் மவுண்ட்பேட்டன் என்று மாறியதும், கடைசி வைசிராய் அவர்களுடைய இளைய மகன் என்பதும் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்தவை. "அலெக்சாண்ட்ரா அவருக்குச் சித்தி, ஐயா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.