லெஸ்டரில் முதல் ஓட்டு: கல்யாணச் சான்றிதழ் வரை போன கதை

நிறைய பேருக்குத் தெரியவில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வேலை விசாவில் இருக்கும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் கவுன்சில் (நம் ஊர் மாநகராட்சி மாதிரி) தேர்தலில் ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடியுரிமையும் இங்கே தங்க விசாவும் இருந்து, 18 வயது ஆகியிருந்தால் போதும். டிபென்டென்ட் விசாவில் வந்தவர்களுக்கும் உண்டு. இங்கே வந்து எட்டு மாதம் வரை எனக்கும் இது தெரியாது.

சொன்னவர், நான் வேலை பார்க்கும் கேர் ஹோமில் இருக்கும் ஒரு குஜராத்திப் பாட்டி. 1972-ல் உகாண்டா அதிபர் இடி அமீன் துரத்தியபோது அங்கிருந்து வந்தவர். அந்த வருடம் நாங்கள் இருக்கும் இந்த லெஸ்டர் நகரக் கவுன்சில், "இங்கே வராதீர்கள்" என்ற அர்த்தத்தில் உகாண்டா ஆர்கஸ் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. பாட்டிக்கு அந்தக் கதையைச் சொல்வதில் தனி சந்தோஷம். "வராதேன்னு சொன்ன கவுன்சிலுக்கு நான் அம்பது வருஷமா ஓட்டு போடுறேன், நீ ஏன் போடல?" என்று கேட்டார். எனக்கு ஏது ஓட்டு என்று சிரித்தேன். திட்டிவிட்டார்.

அதே ஹோமில் ஆறு வருடமாக இருக்கும் நேபாளத்து அக்காவுக்கு ஓட்டு கிடையாது. நேபாளம் காமன்வெல்த்தில் இல்லை. நேற்று வந்த எனக்கு உண்டு, அவருக்கு இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. நான் என்ன செய்ய முடியும்?

பதிவு ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் கோட்டை விட்டேன். சர்நேம் என்ற கட்டம் வந்ததும் கை தயங்கியது. என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர். ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரி பில் எல்லாம் இவர், அதாவது என் வீட்டுக்காரர், பெயரைப் பின்னால் சேர்த்துத்தான் இருக்கிறது. வீட்டு முகவரிக்கு வருவதுதானே என்று நானும் இவர் பெயரையே போட்டுவிட்டேன். வேலைக்கும் வரிக்கும் தரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் அப்பா பெயரில் இருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் ஆளைச் சரிபார்க்கிறார்கள்.

பெயர் பொருந்தவில்லை, ஆவணம் அனுப்புங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. வந்ததே எனக்குத் தெரியாது. இவர் அதைக் கவுன்சில் வரி சமாச்சாரம் என்று நினைத்து, பீட்சா கடை நோட்டீஸ்களோடு சேர்த்து மைக்ரோவேவ் மேலே வைத்துவிட்டார். பதிவுக்குக் கடைசி நாள் 2023 ஏப்ரல் 17. பதிவானவர்களுக்குத் தபாலில் வரும் போல் கார்டைப் பற்றிப் பாட்டி "வந்துச்சா" என்று கேட்டபோது அதுவும் தாண்டியிருந்தது. வீட்டுக்குப் போய்த் தேடினால், சிக்கன் பர்கர் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்துக்கு அடியில் கிடக்கிறது என் ஓட்டு.

நல்ல வேளை, விண்ணப்பம் கெடுவுக்குள் போயிருந்ததால் ஆவணத்தைப் பிறகு தரலாம் என்றார்கள். பாஸ்போர்ட்டையும் கல்யாணச் சான்றிதழையும் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். பதிவாகிவிட்டது. இங்கே ஒரு யோசனை: சர்நேம் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். கதவில், காஸ் பில்லில் என்ன பெயர் இருந்தாலும் கவலை இல்லை. கூடவே 'ஓப்பன் ரெஜிஸ்டர்' வேண்டாம் என்று டிக் செய்யுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரும் முகவரியும் யார் காசு கொடுத்தாலும் போகும்.

கடைசியில் போல் கார்டு வந்தது. பெயர்தான் கார்டு, வந்தது உறையில் மடித்த ஏ4 தாள். அதை நான் ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது. இங்கிலாந்து முழுக்க போட்டோ அடையாளம் காட்டி ஓட்டு போட்டது அந்த மே 4-ல்தான் முதல் தடவை. வட அயர்லாந்தில் 2003-லிருந்தே இருக்கிறதாம். எதெல்லாம் செல்லும் என்று அந்தத் தாளில் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். நான் பூத் எங்கே, எத்தனை மணி வரை என்பதை மட்டும் பார்த்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

வியாழக்கிழமை. ஓட்டுக்கு விடுமுறை எல்லாம் இங்கே கிடையாது. நைட் டூட்டி முடிந்து காலை எட்டேகால் மணிக்குச் சீருடையோடு நேராகப் பூத்துக்குப் போனேன். இவர் வீட்டிலிருந்து வந்து வாசலில் நின்றார். வாசலிலேயே சட்டையில் பெரிய ரிப்பன் பூ குத்திய ஒருவர் "உங்கள் எண் என்ன" என்று கேட்க, அதிகாரி என்று நினைத்துப் போல் கார்டை நீட்டிவிட்டேன். அவர் கட்சிக்காரர். யார் யார் போட்டுவிட்டார்கள் என்று கணக்கெடுக்க நிற்கிறார்கள். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா "போட்டோ ஐடி?" என்றார். கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைக் காட்டினேன். செல்லாதாம். இவர் ஒரு சிரிப்போடு பர்ஸைத் திறந்து, நம் ஊர் வாக்காளர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஓட்டு போடுவதற்கென்றே ஒரு அரசாங்கம் கொடுத்த அட்டை, இதைவிட என்ன வேண்டும் என்பது இவர் கணக்கு. அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 2009-ல் எடுத்த படம், அதில் இவர் யார் மாதிரியும் இருக்க மாட்டார். அடுத்து இந்திய டிரைவிங் லைசென்ஸ். அதுவும் ஆகாது. "சாரி, மீ டக்" என்றார். இந்தப் பக்கத்தில் எல்லாரையும் வாத்து என்றுதான் அன்பாகக் கூப்பிடுவார்கள், முதல் வாரம் எனக்கு அழுகையே வந்தது. திரும்பிப் போகிறவர்களைக் கணக்கெடுக்க ஒரு தாள் வைத்திருந்தார்கள். அதில் எங்களைக் குறித்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு அந்தத் தாளில் ஒரு ஆளாகப் போனது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம். தூறல் வேறு. தூங்கிவிட்டு வரலாம், ராத்திரி பத்து மணி வரை பூத் இருக்கிறதே என்றார் இவர். படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இட்லி இரண்டை நின்றபடியே விழுங்கிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆம், இந்தியப் பாஸ்போர்ட் செல்லும். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் எதுவும் செல்லும். விசாவுக்காக அப்போது தந்துகொண்டிருந்த பி.ஆர்.பி. கார்டும் செல்லும். காலாவதியானது என்றாலும் முகம் தெரிந்தால் போதும். ஆனால் அசல் வேண்டும், போனில் இருக்கும் படம் ஆகாது.

இந்தத் தடவை இவர் தன் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளிநாடு வந்த எல்லாக் குடும்பத்திலும் இருக்குமே, விசா காலத்தில் வாங்கிய பிளாஸ்டிக் ஃபைல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து காசநோய் பரிசோதனைத் தாள் வரை. "ஓட்டுப் போட எதுக்குங்க இது" என்று நான் கேலி செய்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இவருக்கு அரை நிமிடத்தில் முடிந்தது. என் முறை. அந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பட்டியலில் என் பெயருக்குப் பின்னால் இவர் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். ஆவணம் எல்லாம் போன மாதமே அனுப்பியாச்சே என்றேன். அது பதிவு செய்யும் இடத்தில் இருக்கும், பூத்தில் இருப்பது பெயர்ப் பட்டியல் மட்டும். சின்ன எழுத்துப் பிழை என்றால் விட்டுவிடுவார்கள், பெயரே வேறு என்றால் காரணம் காட்ட வேண்டும். பூத்துக்குத் தலைவராக இருந்தவரைக் கூப்பிட்டார்கள். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு சிலர் மாற்றுவார்கள், சிலர் மாற்ற மாட்டார்கள் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். என் பின்னால் நாய்க்குட்டியோடு நின்ற ஒருவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர் ஒன்றும் பேசவில்லை. ஃபைலைத் திறந்து, நாலு தாள் தள்ளி, எங்கள் கல்யாணச் சான்றிதழை உருவி மேசையில் வைத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி முத்திரையும் சேர்த்து. தலைவர் படித்தார், தலையசைத்தார். ஓட்டுச் சீட்டு கைக்கு வந்தது. இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் கடுப்பு.

தபால் ஓட்டுக்கு எழுதியிருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. அதற்கு அப்போது அடையாள அட்டை கேட்கவில்லை, பிறந்த தேதியும் கையெழுத்தும் போதுமாக இருந்தன. பாட்டி அப்படித்தான் போட்டார். எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கு இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் தருகிறார்கள். அதற்குக் கெடு ஏப்ரல் 25 மாலை 5 மணியோடு முடிந்துவிட்டது.

மறைவுக்குள் பென்சில், கயிறு கட்டி. இயந்திரம் இல்லை, பீப் சத்தம் இல்லை, விரலில் மை இல்லை. மை இல்லாதது என்னமோ ஓட்டே போடாத மாதிரி இருந்தது. நோட்டாவும் கிடையாது. இரண்டு சீட்டு: மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. ரோஜாப் பூ, மரம் என்று கட்சிச் சின்னம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். மேயர் சீட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். கவுன்சிலர் சீட்டிலும் ஒன்று போட்டேன், மடித்தேன், பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து மூச்சு விட்டேன்.

"மூணு பேரையும் ஒரே கட்சியிலயா போட்ட?" என்றார் இவர்.

எந்த மூன்று? லெஸ்டரில் 21 வார்டு, 54 கவுன்சிலர். சில வார்டுக்கு இரண்டு பேர், சில வார்டுக்கு மூன்று பேர். எங்கள் வார்டுக்கு மூன்று. மூன்று பேருக்கு வரை போடலாம் என்று சீட்டின் தலையிலேயே அச்சடித்திருந்ததாம். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் பெயர்கள்தான். கடிதம், மின்னஞ்சல், இரண்டு நடை, நோட்டரி முத்திரை எல்லாம் தாண்டி உள்ளே போய், மூன்றில் இரண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெட்டியில் போடுவதற்கு முன்னால் தப்பு தெரிந்தால் சீட்டைக் கொடுத்து வேறு வாங்கலாம். போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மறைவுக்குள் போனதும் முதல் வரியைப் படியுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

முடிவு வந்தபோது பெரிய ஆட்டமே ஆடியிருந்தது. 2019-ல் 54-ல் 53 லேபர், ஒன்று லிபரல் டெமாக்ரட். இந்தத் தடவை லேபர் 31, கன்சர்வேடிவ் 17, கிரீன் 3, லிபரல் டெமாக்ரட் 3. அதே நாளில் நாடு முழுக்க கன்சர்வேடிவ் கட்சி ஆயிரத்துக்கு மேல் இடங்களைத் தொலைத்தது. இங்கே மட்டும் காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்கிறது. லேபர் தன் பழைய கவுன்சிலர்கள் 19 பேருக்குச் சீட் கொடுக்கவில்லை, அவர்களில் சிலர் எதிர்த்தே நின்றார்கள். சீட் கிடைக்காதவர் என்ன செய்வார் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? என்னைக் கேட்டால், ஒரே கட்சி 53 பேர் உட்கார்ந்திருந்த சபையில் கேள்வி கேட்க ஆள் வந்தது நல்லதுதான். இதை வைத்து நான் யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடிக்க வேண்டாம்.

மேயர் பீட்டர் சோல்ஸ்பி, 2011-லிருந்து இருப்பவர், மறுபடி ஜெயித்தார். ஆனால் 40 சதவீதத்தைத் தொடவில்லை. முன்பெல்லாம் மேயர் சீட்டில் இரண்டாவது விருப்பமும் போடலாம், யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் அதை எண்ணுவார்கள். இந்தத் தடவையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், யாருக்கு அதிகமோ அவர் மேயர். பாட்டிக்கு அதில் ஏகக் கோபம். மறுநாள் மன்னர் சார்ல்ஸின் முடிசூட்டு விழாவுக்காக டைனிங் ஹாலில் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம், அவர் அதைப் பார்க்காமல் இரண்டாவது விருப்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

நேபாளத்து அக்கா மட்டும் கேட்டார், "உன் ஓட்டு ஜெயிச்சுதா?" என்று. மூன்றில் ஒன்றுதான் போட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டியலில் பெயரை மாற்ற மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கள் வார்டில் மூன்றாவதாக வந்தவருக்கும் நாலாவதாக வந்தவருக்கும் எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பது இணையத்தில் இருக்கிறது. இவர் இரண்டு தடவை போனை நீட்டிவிட்டார். நான் பார்க்கவில்லை.