வசந்தம் எடின்பரோவில், ஊசி ஆயர் ஈத்தாமில்

பிப்ரவரி 12, 2025, புதன்

மலேசியாவின் பினாங்குத் தீவில் தைப்பூசக் கூட்டம் இன்னும் கலையவில்லை. இன்றிரவு வெள்ளி ரதம் தண்ணீர்மலையிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டுக்குத் திரும்புகிறது. 1894-இலிருந்து ஓடும் ரதம் அது. ரதம் வரும் வழியில் உடைக்கத் தேங்காய் அடுக்கி வைத்தாகிவிட்டது.

நேற்று தண்ணீர்மலை உச்சி முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறினேன். மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 11 பங்குனி உத்திரம். அதற்குள் எங்கும் நிற்காமல் மேலே போய்ச் சேர வேண்டும் என்று சந்நிதியிலேயே முடிவு செய்துகொண்டேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கும் தங்கைக்கு ஏப்ரல் முதல் வாரம் பிரசவம். அங்கே வசந்தம் தொடங்கும் காலம் என்கிறார்கள். ஆனால் மார்ச் மாதத்துப் பகல் வெயிலே பெரும்பாலும் பத்து டிகிரிக்குள்தான். இங்கே ஆயர் ஈத்தாம் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அந்தக் குளிருக்குக் கம்பளி பின்னுகிறேன். மார்ச் கடைசியில் அம்மா புறப்படுகிறார். குழந்தைக்கான பின்னல், தாய்க்கான பத்தியச் சமையல் குறிப்பு இரண்டும் அதற்குள் தயாராக வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாள் முழுவதும் நூலோடுதான்.

எந்த அளவில் பின்னுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கென்று ஸ்வெட்டர் பின்னினால் சில வாரங்களில் பத்தாது. மூன்று மாத அளவு ஜூலையில் பொருந்தும், அப்போது அங்கே கோடை. ஆறு மாத அளவு அக்டோபரில் பொருந்தும், குளிர் திரும்பும் நேரம். ஆகவே ஆறு மாத அளவுதான். குழந்தையின் மார்புச் சுற்றளவு 43 சென்டிமீட்டர் இருக்கும். உள்ளே சட்டை போட இடம் விட்டு 48.

இப்படி எண்ணிப் பார்த்ததில் இன்னொரு நிம்மதியும் கிடைத்தது. ஸ்வெட்டர் அம்மாவின் பெட்டியில் போக வேண்டிய அவசியமே இல்லை, அதற்கு அக்டோபர் வரை காலம் இருக்கிறது. ஏப்ரலில் தேவைப்படுபவை தொப்பியும் போர்வையும் மட்டுமே. ஒவ்வொரு மாலையையும் பின்னலுக்கு இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு போட்டுத்தான் ஜனவரி முழுவதும் களைத்துப் போனேன். எது யாருக்கு எப்போது வேண்டும் என்று கேட்டால் பங்கு தானாக விழுகிறது. மாண்டரின் வகுப்பை ஜூன் மாதத்திற்குத் தள்ளி வைத்துவிட்டேன். ஆசை குறையவில்லை, அதற்காக யாரும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, புதன்

அம்மாவுக்கும் எனக்கும் கை வேறு. நான்கு மில்லிமீட்டர் ஊசியில் அதே மெரினோ நூலை நான் பின்னினால் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் வருகின்றன. அம்மா பின்னினால் 25. கான்வென்ட் பள்ளியின் தையல் வகுப்பில் சிறுவயதில் பழகிய கை, நூலை இறுக்கிப் பிடித்தே பழக்கம். 106 கண்ணிகளில் தொடங்கும் ஸ்வெட்டர் என் கையில் 48 சென்டிமீட்டர் சுற்றளவு கொடுக்கும். அம்மா கையில் 42-தான். குழந்தையின் மார்பைவிடச் சிறியது! ஒரே உடுப்பில் இரண்டு கைகள் கலக்கக் கூடாது.

போர்வைக்கு அளவுக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் போர்வை போர்வைதான். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "இறுக்கமாக இருந்தால்தான் காற்றுப் புகாது" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். அதுவும் உண்மைதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பத்தியச் சமையலை எழுத உட்கார்ந்தோம். ஒரு பிடி, ஒரு சிட்டிகை, புளி எலுமிச்சை அளவு. அம்மா சொல்லச் சொல்ல, பாத்திரத்தில் விழும் முன் ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். அம்மாவின் ஒரு பிடி சின்ன வெங்காயம் 85 கிராம். என் பிடி 70. தங்கையின் கை என்னுடையதைவிடச் சின்னது. நிறுத்து எழுதாமல் அனுப்பினால் அங்கே ருசியே மாறிவிடும்.

பூண்டுக் குழம்பு: உரித்த பூண்டு 100 கிராம், சின்ன வெங்காயம் 150, புளி 30, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 60 மில்லி. மிளகாய் மிகக் கொஞ்சம். பூண்டு எண்ணெயிலேயே வதங்கிப் பொன்னிறமாக வேண்டும். புளித் தண்ணீரில் வேகட்டும் என்று விட்டால் உள்ளே நறுக்கென்று நின்றுவிடும். எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் இறக்க வேண்டும். சுறாப் புட்டுக்குச் சௌரஸ்தா சந்தையில் சுறாக்குட்டி வாங்கி வந்தோம். தாய்ப்பால் ஊறும் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. அங்கே சுறா கிடைக்காவிட்டால் வேறு வெள்ளை மீனில் செய்யலாம் என்று அடியில் எழுதினேன். அம்மா அதை விருப்பமில்லாமல்தான் ஒப்புக்கொண்டார்.

குழம்பு சுண்டும் நேரத்தில் தொப்பியில் எட்டு வரிசை முடிந்தது. அடுப்படியில் பின்னும்போது நூலை மூடியுள்ள டப்பாவில் வைத்து ஒரு முனையை மட்டும் வெளியே விடுகிறேன். கம்பளி தாளிப்பு வாசனையை எளிதில் விடாது.

மார்ச் 2, ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. மாலையில் எதிர்வீட்டு அக்கா, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியில் எங்களுக்கும் ஒரு தூக்கு கொண்டுவந்தார். வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் போட்டுக் குழைந்த கஞ்சி. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுவும் பிள்ளை பெற்றவளுக்கு நல்லது, கறி போடாமல் செய்யச் சொல்" என்றார். அக்கா வீட்டுச் செய்முறையைக் கேட்டுக் குறிப்பேட்டில் சேர்த்தேன். இவ்வளவு நல்ல பக்கம் வேறு எதுவும் அதில் இல்லை.

மார்ச் 8, சனி

விடியும் முன் தண்ணீர்மலை. இம்முறை ஒரே இடத்தில்தான் நின்றேன். ஏறும் வேகத்தைக் குறைத்ததுதான் காரணம். முதல் நூறு படிகளில் அவசரப்படாதவர்களுக்குக் கடைசி நூறு கிடைக்கிறது. இறங்கியதும் தாவரவியல் பூங்காவில் கொஞ்ச நேரம் நடந்தேன். 1884-இல் அமைத்த பூங்கா. நாகலிங்க மரங்கள் அடிமரத்திலேயே பூத்துக் குலுங்குகின்றன. வீட்டுக்கு வரும் வழியில் தெக்கோமா மரங்கள் இலை உதிர்த்து இளஞ்சிவப்பாக நிற்கின்றன. வறண்ட வாரங்களுக்குப் பிறகு வருகிற இந்தப் பூவைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அங்கே இப்போதுதான் புல்வெளியில் டாஃபடில் மொட்டு விட்டிருக்கிறதாம்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். வேலை முடிந்து தெலுக் பாகாங் கடற்கரை விழாவுக்குப் போக முடியவில்லை. பஸ்ஸில் தொப்பியை முடித்தேன். சுற்றளவு 33 சென்டிமீட்டர். பிறந்த குழந்தையின் தலை 35 இருக்கும், பின்னல் இழுத்துக் கொடுக்கும். முகவாயில் கட்ட நாடா வைக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் குஞ்சம் வைத்த நாடா அழகாக இருக்கும் என்றார். குழந்தையின் கழுத்தருகே கயிறு எதுவும் வேண்டாம்; இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓட்டைப் பின்னலும் வேண்டாம், சின்ன விரல் மாட்டிக்கொள்ளும்.

மார்ச் 22, சனி

போர்வை முடிந்தது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெத்தைமேல் நான்கு மூலையும் இழுத்து ஊசி குத்திப் படுக்க வைத்தோம். இந்த ஈரக் காற்றில் காய இரண்டு நாளாகலாம், மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணிகள் ஒழுங்குக்கு வந்ததைப் பார்த்து அம்மா வெகுநேரம் கையால் தடவிக்கொண்டிருந்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். அம்மாவின் இறுக்கம் போர்வைக்கு எவ்வளவு பொருத்தம்!

பெட்டியில் மிளகுப்பொடி, சுக்கு, திப்பிலி, காய்ந்த சுண்டைக்காய். நெய்யை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். இறைச்சியையும் பால் பொருட்களையும் இங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. "நானே காய்ச்சிய நெய்" என்று அம்மா வாதாடினார். அங்கேயே வெண்ணெய் வாங்கிக் காய்ச்சலாம் என்று சமாதானம் சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இனி நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம்தான். அவர்கள் காலை எட்டு மணிக்கு அழைத்தால் எனக்கு மாலை மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நிதானமாகப் பேசலாம்.

தங்கையே குறிப்பேட்டைப் பார்த்து நேற்று பூண்டுக் குழம்பு வைத்திருக்கிறாள். அங்கே கடையில் கிடைக்கும் புளி கெட்டியாம், புளிப்பும் அதிகமாம். 30 கிராம் போட்டது அதிகம், 22 போதும் என்கிறாள். எல்லாவற்றையும் தராசில் வைத்தே செய்ததால் எது கூடியது என்று உடனே தெரிந்திருக்கிறது. என் பிரதியிலும் திருத்திக்கொண்டேன்.

ஸ்வெட்டரின் உடல்பகுதி அக்குள் வரை வந்திருக்கிறது. இந்த வாரம் சனியன்று மீண்டும் தண்ணீர்மலை, அதன் பிறகு உத்திரம்தான்.