சிஇசட்டி படிகத்தில் கறுப்புப் புள்ளி

கதிர்வீச்சை அளக்கும் டிடெக்டர்களுக்காக வளர்க்கப்படும் படிகமான காட்மியம் ஜிங்க் டெல்லூரைடு, சுருக்கமாக சிஇசட்டி, வெறும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். மெருகேற்றிய துண்டை ஐஆர் (அகச்சிவப்பு) மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, ஒரு மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை அடியிலிருந்து பாய்ச்சினால் அதே துண்டு தெளிந்த தண்ணீராகிவிடும். உள்ளே அங்கங்கே முக்கோணமும் அறுகோணமுமாகக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கும். அவை டெல்லூரியம், அந்த ஒளி டெல்லூரியத்தைத் தாண்டி வராது. ஒரே கிரெய்னுக்குள், அதாவது அணுக்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட பகுதிக்குள், முக்கோணங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், அடுக்கு கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும் ட்வின் எல்லையைத் தாண்டியதும் திரும்பிக்கொள்ளும். கிரெய்ன் எல்லைகளில் எறும்புச் சாரியாக வரிசை கட்டி நிற்கும்.

இதைப் பார்த்ததும் ரிப்போர்ட்டில் 'பிரெசிபிடேட்' என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பிரெசிபிடேட் என்பது படிகம் திடமான பிறகு வருவது. சூடு குறையக் குறையத் திடப்பொருளில் கரைந்து நிற்கக்கூடிய டெல்லூரியத்தின் அளவும் குறைகிறது. மிஞ்சியது நானோமீட்டர் அளவில் பிரிந்து நிற்கிறது. அதைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். ஐஆரில் தெரிகிற 5, 20 மைக்ரான் புள்ளி இன்க்ளூஷன்: படிகம் வளரும் முகப்பில், டெல்லூரியம் மிகுந்த உருகல் துளியாகச் சிக்கியது. பெயரை மாற்றி எழுதினால் வைத்தியமும் மாறிப்போகும். 20 மைக்ரான் புள்ளிக்காகக் குளிர்விக்கும் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. அது 1,100 டிகிரிக்குப் பக்கத்திலேயே பிறந்துவிட்டது.

அந்த டெல்லூரியம் எங்கிருந்து மிஞ்சுகிறது? காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிப்பது. படிகம் வளர்க்கும் மூடிய குழாயான ஆம்பூலில் உருகலுக்கு மேலே இருக்கும் காலி இடத்தை அதன் ஆவி நிரப்பும். காலி இடம் 50 சி.சி., ஆவியழுத்தம் ஒரு வளிமண்டலம் என்று வைத்துக்கொண்டால் மேலே போவது சுமார் 50 மில்லிகிராம் காட்மியம். அதற்கு இணையாக உருகலில் 57 மில்லிகிராம் டெல்லூரியம் துணையில்லாமல் நிற்கும். ஆம்பூலில் போடும் 500 கிராம் மூலப்பொருளில், அதாவது சார்ஜில், இது என்ன பெரிய அளவு என்று தோன்றும். அது முழுவதும் 20 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைகளானால் 20 லட்சத்துக்கு மேல் வரும்! அதனால் சார்ஜ் எடை போடும்போதே காலி இடத்தைக் கணக்குப் பார்த்துக் காட்மியம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அல்லது ஆம்பூலோடு இணைந்த தனி அறையில் (ரிசர்வாயர்) காட்மியம் வைத்து அதன் வெப்பநிலையால் அழுத்தத்தைப் பிடித்துவைக்க வேண்டும். சேர்ப்பது அளவு மீறினால் காட்மியம் இன்க்ளூஷன் வரும். அதுவும் வேண்டாத விருந்தாளிதான்.

கலவை சரியாக இருந்தாலும் முகப்பு குழிந்திருந்தால் டெல்லூரியம் நடுவில் தேங்கும். ஆம்பூலைச் சூடான பகுதியிலிருந்து இழுக்கும் வேகம் மணிக்கு ஒரு மி.மீ.க்கு மேல் போனால், முகப்பு ஒதுக்கித் தள்ளிய டெல்லூரியம் உருகலுக்குள் பரவ நேரம் இருக்காது. முகப்பு கரடுமுரடாகி, பள்ளங்களில் துளி மாட்டிக்கொள்ளும்.

வளர்ந்த பிறகு அனீலிங் செய்து, அதாவது உருகாத சூட்டில் நெடுநேரம் வைத்து, சரிசெய்யலாம் என்ற நம்பிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. காட்மியம் ஆவியில் 600 முதல் 700 டிகிரியில் வைத்தால் புள்ளிகள் மறையும்: 450 டிகிரியிலேயே உருகிவிட்ட டெல்லூரியத்தோடு உள்ளே ஊடுருவிய காட்மியம் சேர்ந்து படிகமாகிவிடும். ஆனால் அந்தத் துளிகளுக்குள் அடங்கிக் கிடந்த செம்பு, வெள்ளி போன்ற அசுத்தங்கள் வெளியே கலக்கும், சுற்றிலும் இருந்த டிஸ்லொகேஷன்கள் (அணு அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்) அப்படியே நிற்கும், 10^10 ஓம்-செ.மீ. இருந்த மின்தடைத்திறன் பல மடங்கு சரியும். படத்தில் சுத்தம், டிடெக்டராக உதவாது. மின்தடைத்திறனைத் திரும்ப ஏற்ற டெல்லூரியம் ஆவியில் இன்னொரு சுற்று தேவைப்படும், அந்தச் சுற்றை அதிக நேரம் ஓட்டினால் புள்ளிகள் திரும்ப வரும்.

துண்டின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு, அதிலிருந்து தூரம் அளந்து, குறைந்தது மூன்று ஃபோகஸ் ஆழத்தில் அனீலிங்குக்கு முன்பே படம் எடுத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் அதே புள்ளி மறைந்ததா, நாம் வேறு இடத்தைப் பார்க்கிறோமா என்று சொல்ல வழியிருக்காது.