கையேடு இல்லாத ஆட்டங்கள்

நான் முதன்முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த அன்று ஒரு கீயைக்கூட அழுத்தவில்லை. பள்ளிக்கூட லேபில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். நடுவில் உட்கார்ந்தவனுக்குத்தான் கீபோர்டு, ஓரத்தில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் வாய் மட்டும். லோகோ என்று ஒரு மொழி சொல்லிக்கொடுத்தார்கள். திரையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், அதற்குப் பெயர் ஆமை. எஃப்டி 100 என்று அடித்தால் முன்னால் நகர்ந்து கோடு போடும், ஆர்டி 90 என்றால் வலது பக்கம் திரும்பும், நான்கு தடவை மாற்றி மாற்றிச் செய்தால் சதுரம். 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் குழந்தைகளுக்காகவே உருவாக்கிய மொழி என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்று நடுவில் இருந்தவன் எஃப்டிக்கும் 100-க்கும் இடையில் இடம் விடாமல் அடித்துவிட்டான், ஆமை அசையவில்லை, திரையில் ஏதோ ஆங்கிலத்தில் திட்டு விழுந்தது, மெஷினையே கெடுத்துவிட்டோம் என்று மூன்று பேரும் வெலவெலத்துப் போனோம்.

உண்மையில் கம்ப்யூட்டர் பழகியது பெரியப்பா வீட்டில்தான். அலுவலக வேலைக்காக அவர் வாங்கிப் போட்டிருந்த மெஷின், அவர் தூங்கும் நேரமெல்லாம் அண்ணனுடைய மெஷின். ஆன் செய்தால் கறுப்புத் திரை. அதில் சி என்ற எழுத்து, முக்கால் புள்ளி, ஒரு சாய்கோடு, பக்கத்தில் விட்டு விட்டுத் துடிக்கும் ஒரு குட்டிக் கோடு. அவ்வளவுதான், ஐகானும் கிடையாது ஒன்றும் கிடையாது. என்ன அடிக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மட்டும் வழி விடும். டைர் அடித்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் ஓடும், சிடி அடித்து ஒரு பெயரைப் போட்டால் அதற்குள்ளே போகலாம். அர்த்தம் தெரியாமல் ஸ்லோகம் ஒப்பிப்பது போல இதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு எழுத்து தவறினாலும் 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்' என்று வந்து நிற்கும். அதில் பேட் என்ற சொல் மட்டும் எனக்குப் புரியும், என்னைத்தான் கெட்ட பையன் என்கிறது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கறுப்புத் திரையை ஓட்டிய டாஸ் என்ற மென்பொருளில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்கு அப்புறம் மூன்று எழுத்து, அதற்கு மேல் இடம் இல்லை. அதனால் ஆட்டங்கள் எல்லாம் வாலறுந்த பெயர்களோடுதான் எங்களுக்கு அறிமுகம். முழுப் பெயர் தெரியாது, யார் செய்தது தெரியாது, அட்டைப் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ யாரிடமோ வாங்கி, அதை இன்னொருவர் காப்பி எடுத்து, கடைசியில் பேனாவால் கிறுக்கிய ஒரு ஃபிளாப்பி டிஸ்க்காக அண்ணன் கைக்கு வரும். ஒன்றில் 1.44 எம்பிதான் பிடிக்கும். சில ஆட்டங்கள் மூன்று ஃபிளாப்பியாகப் பிரிந்து வரும், முதல் இரண்டும் ஒழுங்காக ஏறும், மூன்றாவதில் டிரைவ் கரகரவென்று இழுத்துவிட்டு 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்' என்று கேட்கும். ரீட்ரை, ரீட்ரை, ரீட்ரை. அந்த ஆர் கீயில் எழுத்தே தேய்ந்துபோயிருக்க வேண்டும்.

ஃபிளாப்பியில் ஆட்டம் வரும், கையேடு வராது. நான் சொல்ல வந்ததே இதைத்தான். எந்தக் கீ எதற்கு, எதைத் தொடலாம், எதைத் தொட்டால் சாவு, எங்கே போனால் ஆட்டம் முடியும், எல்லாவற்றையும் நாங்களே செத்துச் செத்துத்தான் கண்டுபிடித்தோம்.

டேவ் என்ற குட்டி ஆளை நகர்த்தும் ஆட்டத்தில் வாசல் கண்ணெதிரே இருக்கும், மேலே போய் நின்றாலும் திறக்காது. கோப்பையை எடுத்த பிறகுதான் திறக்கும் என்று எங்களுக்குப் புரிய ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் ஒரு லெவலில், முதுகில் மாட்டிப் பறக்கும் ஜெட்பேக் கிடைத்தது. கிடைத்துவிட்டதே தவிர அதைக் கிளப்புவது எப்படி என்று தெரியவில்லை. கீபோர்டின் இடது மூலையில் தொடங்கி ஒவ்வொரு கீயாக அழுத்திக்கொண்டே போனோம், எஸ்கேப் அழுத்தியதில் ஆட்டமே போகப் பார்த்தது. ஆல்ட் கீயில் டேவ் சட்டென்று காற்றில் எழும்பியபோது நாங்கள் போட்ட கூச்சலில் பெரியப்பா எழுந்து வந்துவிட்டார், அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. அந்த டேவைச் செய்த ஜான் ரொமேரோதான் 1993-இல் டூம் என்ற புகழ்பெற்ற துப்பாக்கி ஆட்டத்தைச் செய்த குழுவிலும் இருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு மீசையே முளைத்திருந்தது.

ஆனால் எங்களை உண்மையில் பைத்தியமாக அடித்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியாதான். 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ஜோர்டன் மெக்னர் செய்தது, நாங்கள் ஆடியது அதன் டாஸ் வடிவம். அதற்கு முன் நான் பார்த்த பொம்மைகள் எல்லாம் விறைப்பாகத் துள்ளும், இந்த இளவரசன் மட்டும் நிஜ ஆள் போல ஓடுவான். ஓடி வந்தவன் சட்டென்று நிற்க மாட்டான், ஓரடி சறுக்கித்தான் நிற்பான். விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் கால் ஊசலாடும். மெக்னர் தன் தம்பியை ஓட விட்டு, குதிக்க விட்டு வீடியோ எடுத்து, அந்தச் சட்டகங்களைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். தரையிலிருந்து முள் கிளம்பி அவன் சாகும்போது எங்களுக்கே வலித்ததற்கு அதுதான் காரணம் போல.

முதல் லெவல் முடிந்ததும் ஒரு அறை வரும். அறை முழுக்கக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆங்கில எழுத்து. கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கீழே எழுதியிருக்கும். கள்ளக் காப்பி எடுத்தவர்களைப் பிடிப்பதற்கான பொறி, அதாவது எங்களுக்கே எங்களுக்கென்று வைத்தது. எங்களுக்கு அது தெரியுமா என்ன? ஆட்டத்தில் வரும் புதிர் என்றே நினைத்தோம். ஆட்டத்தின் பெயரில் முதல் எழுத்து பி, அதனால் பி குப்பியைக் குடிக்க வேண்டும் என்பது அண்ணனின் தியரி. இடது ஓரத்துக் குப்பிதான் எப்போதும் சரி என்பது என்னுடையது. தவறான குப்பி என்றால் உயிர் குறையும். ஒரு நாள் என் தியரி பலித்துவிட்டது, வெறும் குருட்டு அதிர்ஷ்டம்தான், ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் அண்ணன் என்னை மரியாதையாக நடத்தினான்.

நாலாவது லெவலில் ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பாய்ந்தால் உன் உருவமே நிழலாகப் பிரிந்து மறுபக்கம் ஓடிவிடும், உனக்கோ ஒரு சொட்டு உயிர்தான் மிச்சம். அடுத்த லெவலில் நீ எடுக்க வேண்டிய மருந்தை அவன் வந்து குடித்துவிட்டுப் போவான். அதற்கு அடுத்ததில் கதவை மூடி உன்னைப் பள்ளத்தில் விழ வைப்பான். அந்த நிழல் மேல் எனக்கு இருந்த வெறுப்பு இருக்கிறதே, வாழ்க்கையில் இன்றுவரை யார் மேலும் அவ்வளவு வந்ததில்லை. கம்ப்யூட்டரில் மெமரி போதாததால்தான் அவன் பிறந்தான் என்று பின்னாளில் படித்தேன். இன்னொரு எதிரிக்குத் தனியாகப் படங்கள் வரைந்து சேர்க்க ஆப்பிளில் இடம் இல்லை. இளவரசனின் படங்களையே ஒரு பிட் தள்ளி, அதன் மேலேயே அதை எக்ஸ்-ஆர் (இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் விட்டுவைக்கும் கணக்கு) செய்து மெக்னர் பார்த்திருக்கிறார், மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைத்திருக்கிறது. செலவில்லாமல் வந்த எதிரி. (எட்டாவது லெவலில் ஒரு எலி ஓடி வந்து நமக்குக் கதவு திறந்து வைக்கும். அதைப் பார்த்த அன்று நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.)

பன்னிரண்டாவது லெவலில் அந்த நிழல் கத்தியோடு எதிரே வந்து நின்றது. இத்தனை நாள் கோபத்தையும் சேர்த்துக் குத்தினேன். அவனுக்கு ஒரு உயிர் போனது, எனக்கும் ஒன்று போனது. இன்னொரு குத்து, இன்னொன்று. கடைசிக் குத்தில் இருவரும் சேர்ந்தே விழுந்தோம். இப்படி எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஆட்டத்துக்கு மொத்தமே 60 நிமிடம், கடிகாரம் நிற்காது, அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து ஓடி வந்து அவன் கையில் செத்து, மறுபடி அதே தொடக்கத்திலிருந்து. ஒரு நாள் சண்டைக்கு நடுவில் யாரோ கதவைத் தட்ட, அண்ணன் பதறிப்போய்க் கீழ் அம்புக்குறியை அழுத்திவிட்டான். இளவரசன் கத்தியை உறையில் போட்டான். அதைப் பார்த்து நிழலும் போட்டது. அப்படியே முன்னால் நடந்தபோது இரண்டும் ஒன்றாகக் கலந்து மறைந்தன. கதவைத் தட்டியவரை நாங்கள் வெளியே நிற்க வைத்தேவிட்டோம்.

மற்ற ஆட்டங்களோடு இவ்வளவு நெருக்கம் இல்லை. மைன்ஸ்வீப்பரை மூன்று வருஷம் அதிர்ஷ்டப் பரீட்சையாகவே ஆடினேன், அந்த எண்கள் சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் எத்தனை குண்டு என்று சொல்கின்றன என யாரும் சொல்லவில்லை. ஸ்கீஃப்ரீ என்ற பனிச்சறுக்கு ஆட்டத்தில் ஒரு பனிப்பூதம் துரத்தி வந்து விழுங்கிவிடும், தப்பவே முடியாது என்பது எங்கள் முடிவு. எஃப் கீயை அழுத்தினால் வேகம் கூடும், அதை விட்டு ஓடிவிடலாம் என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது. சிபியூ பெட்டியில் டர்போ என்று ஒரு பட்டன் இருக்கும், அது வேகத்தைக் கூட்டும் ரகசியம் என்று நம்பி எப்போதும் ஆன் செய்தே வைத்திருந்தோம். அந்தப் பட்டன் வைத்ததே வேகத்தைக் குறைக்கத்தானாம். 4.77 மெகாஹெர்ட்ஸ் மெஷினின் வேகத்தை நம்பி எழுதிய பழைய ஆட்டங்கள் புது மெஷினில் கண்மண் தெரியாமல் பறக்கும், அதை ஆடும்படி செய்ய ஒரு பிரேக். எங்கள் வீட்டுக் கார் ஆட்டத்தில் கார் ஏன் கண்ணுக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி பிரின்ஸின் கையேட்டை ஸ்கேன் செய்து யாரோ போட்டிருப்பதைப் பார்த்தேன். அண்ணனுக்கும் லிங்க் அனுப்பிவிட்டு, கிட்டத்தட்ட பரீட்சைக்குப் படிப்பது போல வரி வரியாகப் படித்தேன். கண்ட்ரோலையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால், மூன்றாவது லெவலிலிருந்து ஆட்டம் சேவ் ஆகும். சேவ். ஒவ்வொரு முறையும் முதல் லெவலில் கத்தி தேடி ஓடிய அத்தனை சாயங்காலங்களும் கண்முன் வந்து போயின.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அவனும் அதே வரியில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"பார்த்தியாடா?"

"பார்த்தேன்."

"பெரியப்பாகிட்ட சொல்லிடாதே," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.